அமெரிக்கா வரி போட்டால் பத்து பெரெண்டாமில் ஓ.டி. குறையுமா? சிப் செய்திகளும் நம் வீட்டுச் சம்பளமும்

மலாக்கா - சிப், செமிகண்டக்டர், ஏஐ, இறக்குமதி வரி. சில ஆண்டுகளாக இந்தச் சொற்கள் இல்லாமல் செய்தி இல்லை. வெளிநாட்டுச் செய்தி என்று நம்மில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் மலாக்காத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இது வீட்டுச் செய்தி. பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையிலிருந்து சம்பளம் வரும் வீடுகள் டுரியான் துங்கால், செங், பாயா ரும்புட், அலோர் காஜா என எல்லாப் பக்கமும் இருக்கின்றன.

அங்கே ஒரு சிப் தொழிற்சாலையில் மூன்று ஷிப்டிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பெயர் வேண்டாம் என்றார். ஆனால் தொழில்நுட்பக் கம்பெனிகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. அவர் சொன்ன ஐந்து கருத்துகள் பல வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் அடிபடுபவைதான். அவற்றில் எது சரி, எது பாதி சரி, எது நம் சட்டைப்பையைத் தொடும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "சிப் எல்லாம் தைவான்காரன் செய்றான் தம்பி. நாம ஒட்டுறதோட சரி"

இது பாதி சரி. ஒரு சிப் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதல் கட்டத்தில், வட்டமான சிலிக்கன் தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மின்சுற்றுகளைப் பதிக்கிறார்கள். 'வேஃபர்' என்பது அந்தத் தட்டுதான். உயர்ரகச் சிப்புகளில் இந்த வேலையில் முன்னணியில் நிற்பது தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனம்.

இரண்டாம் கட்டம்தான் மலாக்காவின் வேலை. தட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் உலோகச் சட்டத்தில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிய தங்க அல்லது செம்புக் கம்பியால் இணைக்க வேண்டும். பிறகு கறுப்புப் பிசின் ஊற்றி மூட வேண்டும். கடைசியில் ஒவ்வொன்றையும் மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இதையெல்லாம் தாண்டாத சிப்பைக் காரிலோ கைத்தொலைபேசியிலோ வைக்க முடியாது.

உலகில் நடக்கும் இந்த இரண்டாம் கட்ட வேலையில் ஏறக்குறைய 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. மலாக்காவில் இது தொடங்கி ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஜெர்மனியின் சீமென்ஸ் 1973-இல் இங்கு வந்தது. அதன் சிப் பிரிவு 1999-இல் தனியாகப் பிரிந்து இன்பினியோன் ஆனது. அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நடத்திய தொழிற்சாலை, 2011-இல் அந்நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 650 கோடி டாலருக்கு வாங்கியபோது அதன் கைக்குப் போனது. ஒருங்கிணைந்த மின்சுற்றை 1958-இல் ஜாக் கில்பி உருவாக்கியது இந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில்தான்.

நமக்கு இது புது அனுபவமும் அல்ல. மலாயாவில் வணிக ரப்பர் பயிர் தொடங்கியதே மலாக்காவில்தான். 1890-களில் டான் சாய் யான் முதலில் புக்கிட் லிந்தாங்கிலும் பிறகு புக்கிட் அசகானிலும் ரப்பர் நட்டார். பால் வெட்டியது இங்கே, விலை முடிவானது எங்கோ. சிப்பிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். அதனால்தான் தூரத்துச் செய்தியை நாம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

2. "நாம இல்லாட்டி வேற எவனாவது செய்வான்"

இதை 2021 பொய்யாக்கியது. கோவிட் காரணமாக அந்த ஆண்டு ஜூனில் நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இன்பினியோனின் மலாக்கா உற்பத்தி தடைப்பட்டது. ஆகஸ்டில் பக்கத்து மூவாரில் எஸ்.டி.மைக்ரோ தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. அதே மாதம் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஃபோர்ட் நிறுவனம் தன் எஃப்-150 வண்டி உற்பத்தியைச் சில நாள் நிறுத்தியது. மலேசியாவின் கோவிட் நிலையால் ஒரு சிப் பாகம் வரவில்லை என்பதே அது சொன்ன காரணம்.

வேறொருவரால் உடனே செய்ய முடியாததற்குக் காரணம் இருக்கிறது. காரின் பிரேக்கிலோ எஞ்சினிலோ போகும் சிப்பை ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், கார் நிறுவனம் அதை மறுபடி சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மாதக் கணக்கில் ஆகும்.

2025-லும் இதே பாடம் திரும்பியது. நெதர்லாந்தில் இருக்கும் நெக்ஸ்பீரியா ஒரு சீன நிறுவனத்துக்குச் சொந்தமானது. நெதர்லாந்து அரசு அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியில் அதன் நிர்வாக முடிவுகளில் தலையிட்டது. பதிலுக்கு, தன் மண்ணில் மூடிச் சோதிக்கப்பட்ட நெக்ஸ்பீரியா சிப்புகளை ஏற்றுமதி செய்யச் சீனா தடை போட்டது. ஐரோப்பாவில் பதித்த தட்டுகளில் பெரும்பகுதி சீனாவுக்குப் போய்த்தான் சிப்பாக மாறிக்கொண்டிருந்தது. ஆகவே விலை மலிந்த, சாதாரணச் சிப் இல்லாமல் கார் தொழிற்சாலைகள் தடுமாறின. ஹோண்டா மெக்சிகோவில் உற்பத்தியை நிறுத்தியது. நெக்ஸ்பீரியாவுக்கு நம் பக்கத்துச் சிரம்பானிலும் ஒரு தொழிற்சாலை உண்டு. "ஒட்டுறதோட சரி" என்று நாம் சொல்லும் வேலை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

3. "அமெரிக்காகாரன் வரி போட்டா இழுத்து மூடிருவான், பாருங்க"

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்கா மலேசியப் பொருட்களுக்கு 24 விழுக்காடு வரி அறிவித்தது. ஜூலையில் அது 25 என்றானது. ஆகஸ்டில் 19 விழுக்காடாக நடப்புக்கு வந்தது. ஏப்ரல் அறிவிப்பிலேயே சிப்புகளுக்கு விலக்கு இருந்தது. ஆனால் சிப்புகளுக்கென்று தனி வரி போடலாமா என்ற விசாரணையையும் அமெரிக்கா அதே மாதம் தொடங்கியது. ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் 100 விழுக்காடு என்று பேசினார். அமெரிக்காவில் தொழிற்சாலை கட்டும் நிறுவனங்களுக்கு அது இல்லை என்றும் சொன்னார்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. மலாக்காவில் முடித்த சிப் நேராக அமெரிக்கக் கடைக்குப் போவதில்லை. அது ஜெர்மனியில் ஒரு காருக்குள்ளும், சீனாவில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் போய் உட்காரலாம். ஆகவே வரியின் அடி சுற்றி வளைத்துத்தான் நம்மை அடையும். கார் விற்பனை குறைந்தால் ஆர்டர் குறையும், அதன் பிறகுதான் இங்கே வேலை குறையும்.

இன்னொன்று, கோடிக்கணக்கில் போட்ட இயந்திரங்களை யாரும் ஒரே இரவில் தூக்கிப் போவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கோலாலம்பூரிலும் மலாக்காவிலும் விரிவாக்கத்துக்கு 1,460 கோடி ரிங்கிட் வரை முதலீடு செய்வதாக 2023 ஜூனில் அறிவித்தது. அதில் மலாக்காவின் பங்கு 500 கோடி வரை. இழுத்து மூடுவது என்பது அவ்வளவு சுலபமல்ல.

ஆனால் மூடாமலேயே வீட்டு வருமானம் குறையலாம். ஆர்டர் சுருங்கினால் முதலில் வெட்டப்படுவது ஓ.டி.தான். அடுத்து, ஏஜென்ட் வழி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிறகு புது ஆள் எடுப்பது நிற்கும். நிரந்தர ஊழியரின் முறை கடைசியில்தான் வரும். அடிப்படைச் சம்பளத்தோடு ஓ.டி. பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வீட்டுக் கடன், கார்க் கடன் எடுத்தவர்கள் இந்த வரிசையை நினைவில் வைப்பது நல்லது.

4. "ஏஐ வந்திருச்சு, இனி ஆப்பரேட்டருக்கு வேலை இல்ல"

அண்ணன் இதைச் சொல்லும்போதே தன் கண்ணால் பார்த்த மாற்றத்தையும் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்துக் கம்பி இணைப்பைப் பார்க்க வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்களாம். பிறகு அந்த இடத்தில் கேமரா வந்தது. அதாவது இயந்திரம் ஆளின் இடத்தைப் பிடிப்பது ஏஐ-யோடு தொடங்கிய கதை அல்ல. ஏஐ அதை வேகப்படுத்துகிறது.

மறுபக்கமும் உண்டு. ஏஐ ஓடும் பெரிய தரவு மையங்கள் மின்சாரத்தை ஏராளமாக விழுங்குகின்றன. அந்த மின்சாரத்தை அளந்து, குறைத்து, சிதறாமல் கொடுப்பது 'பவர் சிப்' எனப்படும் வகை. இன்பினியோனின் முக்கியத் தொழில் அதுதான். என்விடியா போன்ற நிறுவனங்களின் மூளைச் சிப் வேறு இடத்தில் உருவானாலும், அதற்குச் சோறூட்டும் சிப்புக்கான தேவை கூடுகிறது. ஆகவே வேலை ஒழிந்துபோகாது, மாறும். பெட்டியைத் தூக்கி வைக்கும் வேலை குறையும். நின்றுபோன இயந்திரத்தை ஓட வைக்கத் தெரிந்தவரின் தேவை தொடரும்.

5. "பிள்ளைய சொஃப்ட்வேர் படிக்க வைக்கணும். அதுலதான் காசு"

மென்பொருளில் வாய்ப்பு இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பது சரியல்ல. 2024 ஜூலை 19-ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான கோப்பு, உலகம் முழுவதும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. ஏர் ஆசியா பயணிகளை ஊழியர்கள் கையாலேயே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பல கணினிகளைச் சரிசெய்ய ஆட்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் நிற்க வேண்டியிருந்தது. மென்பொருளும் கடைசியில் ஓர் இயந்திரத்தின் மேல்தான் ஓடுகிறது. அந்த இயந்திரத்தைத் தொட ஆள் வேண்டும்.

2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகம் 60,000 பொறியியலாளர்களை உருவாக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. அதற்கு அரசு ஒதுக்கும் ஆதரவு 2,500 கோடி ரிங்கிட். நம் மாநிலத்திலேயே டுரியான் துங்காலில் யுடெம் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொலிடெக்னிக் மலாக்காவும் அலோர் காஜா மாவட்டத்தில் அட்டெக் மலாக்காவும் இருக்கின்றன. எஸ்.பி.எம்.-இல் பத்து ஏ எடுக்காத பிள்ளைக்கும் டிவெட் வழி உண்டு. எஸ்.கே.எம். 1, 2, 3 என்று ஏறி, 4-ஆம் நிலையில் டிப்ளோமா, 5-ஆம் நிலையில் உயர் டிப்ளோமா வரை போகலாம். இந்தத் திறன் பயிற்சிகளுக்கு பி.டி.பி.கே. கடனுதவிக்கு விண்ணப்பிக்கலாம். மெகட்ரோனிக்ஸ், மின்னியல் படித்து, கூடவே கொஞ்சம் நிரல் எழுதவும் தெரிந்த பிள்ளைக்குச் சோதனைப் பிரிவில் இடம் உண்டு. சிப்பைச் சோதிக்கும் இயந்திரத்தை இயக்குவதே மென்பொருள்தானே.

ஒருவேளை வேலை போனால்

கருத்துகளைவிட இதுதான் அவசியம். கீழே உள்ளவை சட்டம் தரும் உரிமைகள்.

ஆட்குறைப்பு இழப்பீடு: மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாமல், ஓராண்டாவது வேலை செய்தவருக்கு இது உண்டு. 2 ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் என்றால் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். மாதம் 2,400 ரிங்கிட் வாங்கி 12 ஆண்டு வேலை செய்தவருக்கு 240 நாள் சம்பளம், அதாவது ஏறக்குறைய 18,900 ரிங்கிட் வர வேண்டும்.

முன்னறிவிப்பு: ஆட்குறைப்பு என்றால், வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சேவைக் காலத்துக்கு ஏற்பக் குறைந்தது 4, 6 அல்லது 8 வாரம்.

சொக்சோவின் வேலையிழப்புக் காப்புறுதி: 2018 முதல் நடப்பில் உள்ளது. சம்பளத்தில் மாதாமாதம் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுவது இதற்குத்தான், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50 விழுக்காடு எனக் குறைந்துகொண்டே, கட்டிய சந்தாவைப் பொறுத்து 3 முதல் 6 மாதம் வரை உதவித்தொகை கிடைக்கும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஒப்பந்தக் காலம் தானாக முடிந்தாலோ, சொந்த விருப்பத்தில் வேலையை விட்டதாகக் கடிதம் கொடுத்தாலோ இந்தக் காப்புறுதிப் பணம் கிடைக்காது. ஆகவே "ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சம்பளச் சீட்டுகளையும் வேலை ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். கையெழுத்துப் போடும் முன் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். ஏஜென்ட் வழி வேலை செய்யும் பிள்ளைகள், தங்கள் பெயரில் இ.பி.எஃப்., சொக்சோ பணம் உண்மையாகவே கட்டப்படுகிறதா என்பதை இந்த மாதமே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.