போட்டு வாறன் என்று சொல்லிப் போன பிள்ளைகள்



ஒரு பிள்ளை படைக்குப் போனால் ஊர் அவனைப் பற்றிப் பேசும். புகழ்ந்து பேசுவோரும் உண்டு, இகழ்ந்து பேசுவோரும் உண்டு. அவனைப் பெற்றவள் என்ன பாடு பட்டாள் என்று கேட்போர் மிகக் குறைவு. "வீரனைப் பெற்றவள்" என்று சிலர் சொல்வர். "பிள்ளையை மறிக்கத் தெரியாதவள்" என்று வேறு சிலர் சொல்வர். இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவள் அடுப்படியில் நின்று மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருப்பாள்.

அவளைப் பற்றித்தான் இம்முறை எழுதுகிறேன். நானும் அப்படி நின்ற ஒருத்தி. இதை வாசிக்கும் உங்களிலும் பலர் அப்படி நின்றவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

புலவர்கள் பாடிய தாய்

பள்ளிக்கூடத்தில் நாம் புறநானூற்றுத் தாயைப் படித்தோம். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய், பிறந்த வீட்டு ஆணையும் கணவனையும் அடுத்தடுத்த நாட்களில் போரில் இழந்தவள். மறுபடியும் பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்கு எண்ணெய் தடவி, தலை சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். இதைப் படிப்பித்த ஆசிரியை வீரம், வீரம் என்றே விளக்கம் சொன்னார். அன்று இரவு அந்தத் தாய் நித்திரை கொண்டாளா என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

காவற்பெண்டு பாடிய இன்னொரு தாய் இருக்கிறாள். உன் மகன் எங்கே என்று கேட்கிறார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. போர்க்களத்தில்தான் இருப்பான் என்கிறாள். தன் வயிற்றைப் புலி இருந்துவிட்டுப் போன கற்குகைக்கு ஒப்பிடுகிறாள். சிறு வயதில் எனக்கு அந்தப் பாட்டில் புலிதான் பெரிதாகத் தெரிந்தது. என் வயிறும் வெறுமையான பிறகு குகைதான் தெரிகிறது.

என் வீட்டில் நடந்தது

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் வெளிக்கிட்டோம். தென்மராட்சியில் சில மாதம் இருந்து, கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குப் போனோம். புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு கொட்டில் போட்டு இருந்தோம். மூத்தவன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவந்தான். 1999ஆம் ஆண்டு, அவனுக்கு 19 வயது.

ஒருநாள் பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு, வழமை போல "அம்மா, போட்டு வாறன்" என்றான். நான் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். "ஓம், கெதியா வா" என்றேன். இருட்டின பிறகு பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கொப்பித் தாளில் நாலு வரி எழுதியிருந்தது. தன்னைத் தேட வேண்டாம், தங்கச்சியைப் படிப்பியுங்கோ, தன்ர நீலச் சேட்டைத் தம்பி போடட்டும். அவ்வளவுதான்.

எங்கள் வழக்கத்தில் ஒருவரும் "போறன்" என்று சொல்வதில்லை. "போட்டு வாறன்" என்றுதான் சொல்வோம். பயணம் போனவர் போன கையோடு வீடு கூட்டவும் மாட்டோம். நான் மூன்று நாள் வீடு கூட்டவில்லை. மகள் விளக்குமாற்றைத் தூக்கியபோதும் வாங்கி வைத்துவிட்டேன்.

முதலில் வந்தது கோபம். யாரில் என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அவனில், காலத்தில், தலைக்கு மேலே சுற்றிய விமானத்தில், எல்லாவற்றிலும். பிறகு பயம் வந்தது. தூரத்தில் செல் விழும் சத்தம் கேட்டால், அது எந்தப் பக்கம் என்று மனம் அளந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி அவனைப் புகழ்ந்து பேசியபோது ஒரு கணம் நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த கணமே, இந்தப் புகழ் வேண்டாம், பிள்ளையைத் தாருங்கள் என்று மனம் அழுதது. இத்தனை உணர்வும் ஒரே நாளில், சில வேளை ஒரே மணித்தியாலத்தில் வந்து போகும்.

சுண்டு எடுத்து அரிசி அளக்கும்போது கை ஐந்து பேருக்கே அளந்தது. அவனுடைய அப்பா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மறுபடி சுவரோடு சாத்தி வைப்பார். தகப்பன்மார் அழுவதற்கு எங்கள் ஊரில் இடமில்லை. அவர் அந்தச் சைக்கிளோடுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. சில மாதத்தில் அவன் லீவில் வீட்டுக்கு வந்தான். வாசலைப் பார்த்தபடி இருந்து சாப்பிட்டான். பாய் போட்டுக் கொடுத்தும் வெறும் நிலத்தில் படுத்தான். கேட்க ஆயிரம் இருந்தது. வாயில் வந்தது "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?" என்பது மட்டும்தான். மூன்றாம் நாள் வெளிக்கிடும்போது அதே சொல்லைச் சொன்னான்: "போட்டு வாறன், அம்மா."

2009 ஏப்ரலில் மாத்தளன் பக்கம் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மற்றப் பக்கத்துத் தாய்

2002 ஏப்ரலில் ஏ9 வீதி மக்களுக்குத் திறக்கப்பட்டது. அடுத்த வருடம் தெற்கில் நடந்த பெண்கள் சந்திப்பு ஒன்றுக்கு எங்களில் சிலரை அழைத்துப் போனார்கள். அங்கே அனுராதபுரப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்த ஒரு தாய் என் பக்கத்தில் இருந்தார். குளம் வற்றி இரண்டு போகம் நெல் பிழைத்துப் போனதால் மகன் இராணுவத்தில் சேர்ந்தான் என்றார். முதற் சம்பளத்தில் வீட்டுக்குக் கூரைத் தகடு வாங்கித் தந்தானாம். மழை பெய்யும்போது அந்தக் கூரைச் சத்தத்தைக் கேட்கத் தன்னால் முடிவதில்லை என்றார்.

அவன் வெளிக்கிட்ட நாளைக் கேட்டேன். முழந்தாளிட்டுத் தன் காலில் விழுந்து வணங்கி, "கிஹின் என்னம்" என்று சொல்லிவிட்டுப் போனான் என்றார். மொழிபெயர்த்த பிள்ளை சொன்னாள்: "போயிட்டு வாறன் எண்டு அர்த்தம், அன்ரி." நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்தேன். இரண்டு மொழியிலும் பிள்ளைகள் ஒரே வாக்கைத்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இலங்கையில் கட்டாய இராணுவ சேவை நடைமுறையில் இல்லை. இராணுவத்தில் விரும்பிச் சேர்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். எனினும் வறுமையும் வேலையின்மையும் தள்ளிய பிள்ளைகள் எத்தனை! எமது பக்கத்தில் செல்லடியும் இடப்பெயர்வும் தள்ளிய பிள்ளைகள் எத்தனை! சில வீடுகளில் பிள்ளை போகவில்லை, கொண்டு போகப்பட்டது. அந்த வீட்டுத் தாய்மாரின் துயரம் இன்னும் வேறு. ஆயுத மோதலில் சிறுவர் ஈடுபடுத்தப்படுவதைப் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 2000ஆம் ஆண்டில் நிறைவேறியது. அரசுகள் 18 வயதுக்குக் குறைந்தவரைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது, ஆயுதக் குழுக்கள் எந்த விதத்திலும் சேர்க்கக்கூடாது என்று அது சொல்கிறது. இச்சட்டத்தை நம் பெண்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

விசாகா தர்மதாச என்ற தாயைப் பலர் அறிவீர்கள். இராணுவத்தில் இருந்த அவருடைய மகன் 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமற்போனார். அவர் தன்னைப் போன்ற பெற்றோரை ஒன்று சேர்த்தார். படையினர் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று குரல் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கத்தை அமைத்து, மற்றப் பக்கத்துத் தாய்மாரோடும் பேசினார். சர்வதேச செஞ்சிலுவைக் குழு பதிவு செய்த காணாமற்போனோர் 16,000 பேருக்கும் அதிகம். அவர்களில் 5,000க்கும் மேற்பட்டோர் அரச படையினர். அத்தனை வீட்டிலும் ஒரு தாய் வாசலைப் பார்த்திருக்கிறாள்.

கல்லில் முழந்தாளிட்ட பெற்றோர்

ஜேர்மனியில் கேத்தே கொல்விற்ஸ் என்ற ஓவியக் கலைஞர் இருந்தார். 1914இல் முதலாம் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய இளைய மகன் பீற்றர் படையில் சேர விரும்பினான். வயது காணாததால் தகப்பனின் அனுமதி வேண்டியிருந்தது. தகப்பன் மறுத்தார். மகனுக்காகப் பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தவர் தாய்தான். அந்த ஒக்ரோபரிலேயே பெல்ஜியத்தில் அவன் கொல்லப்பட்டான். அவனுக்கு 18 வயது.

அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்யத் தாய் முனைந்தார். அது முடிய 18 வருடம் சென்றது. 1932இல் அவன் புதைக்கப்பட்ட மயானத்தில் அது வைக்கப்பட்டது. அதில் போர்வீரன் இல்லை, துவக்கு இல்லை, கொடி இல்லை. முழந்தாளிட்ட ஒரு தகப்பனும் தாயும் மட்டுமே. தகப்பன் தன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் குனிந்திருக்கிறாள். இருவரும் ஒருவரையொருவர் தொடவில்லை. அச்சிலையின் படத்தை முதன்முதல் பார்த்தபோது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் என் கணவரின் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

கொல்விற்ஸ் அம்மையார் பின்னர் போருக்கு எதிராகவே வரைந்தார். பீற்றர் என்று பெயர் வைத்த அவருடைய பேரனும் 1942இல் இரண்டாம் உலகப் போரில் இறந்தான்.

வாசலைத் தாண்டிய தாய்மார்

வீட்டில் இருந்து அழாமல் வெளியே வந்த தாய்மாரும் உலகெங்கும் உண்டு. ரஷ்யாவில் 1989இல் படையினரின் தாய்மார் குழு உருவானது. செச்னியப் போரின்போது, 1995இல், தாய்மார் மொஸ்கோவிலிருந்து போர் நடந்த இடம் நோக்கிப் புறப்பட்டார்கள். மகன்மாரைத் தேடிப் போய்க் கையோடு கூட்டிவந்தவர்களும் இருந்தார்கள். எமது நாட்டில் 1984இல் யாழ்ப்பாணத்திலும் 1990இல் தெற்கிலும் அன்னையர் முன்னணிகள் தோன்றின. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பெரும்பாலும் வயதான தாய்மார். கையில் இருந்ததெல்லாம் பிள்ளையின் படம்.

இந்தத் துயரத்துக்குப் பெயர் உண்டு

அமெரிக்காவைச் சேர்ந்த போலின் பொஸ் என்ற ஆய்வாளர் 1970களில், போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு பேசினார். இறந்தார் என்றும் சொல்ல முடியாது, இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று அவர் விளக்கினார். இதில் கலங்கி நிற்பது அந்தப் பெண்ணின் பலவீனம் அல்ல, நிலைமைதான் கலங்கலானது என்பதே அவர் கருத்து. இதை அறிந்த நாளில் என் தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஆகவே சகோதரிகளே, சில விடயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

கோபமும் பயமும் பெருமையும் வெறுப்பும் ஒன்றாக வந்தால் திகைக்க வேண்டாம். அவை எல்லாம் அன்பின் பக்கங்களே. ஒன்றை மறைத்து மற்றதைக் காட்ட வேண்டியதில்லை.

வீட்டில் நிற்கும் பிள்ளைகளும் பிரிவை அனுபவிக்கிறார்கள். போன பிள்ளையின் பேச்சால் இருக்கும் பிள்ளைகளின் பேச்சு அமுங்கிப் போகக்கூடாது. என் மகள் ஒருநாள் "நானும் இஞ்சதான் இருக்கிறன் அம்மா" என்றாள். அன்றிலிருந்து பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் அவளுடையது என்று வைத்துக்கொண்டோம்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கடிதங்கள், முறைப்பாட்டுப் பிரதிகள் எல்லாவற்றையும் ஒரே பையில், மழை படாமல் வையுங்கள். 2016இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டுச் சட்டத்தின் கீழ் காணப்படாமைச் சான்றிதழ் பெறவும் வழி வந்தது. பிள்ளை இறந்துவிட்டான் என்று கையெழுத்து வைக்காமலே, சொத்து, உதவித்தொகை போன்ற அலுவல்களைப் பார்க்க அது உதவும். அதை எடுத்தால் தேடலைக் கைவிட்டதாக ஆகாது. எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பிரதேச செயலகத்தில் விசாரித்து, விளங்கிக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

அயலில் இப்படி ஒரு தாய் இருந்தால், "ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்காதீர்கள். "எல்லாம் மறந்திடும்" என்றும் சொல்லாதீர்கள். அவன் எந்தப் பக்கத்துச் சீருடை போட்டான் என்றும் பார்க்க வேண்டாம். அவனுடைய பெயரைக் கேளுங்கள். என்ன கறி விருப்பம், எந்த வயதில் நடந்தான், எதற்குச் சிரிப்பான் என்று கேளுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச ஒரு தாய்க்கு வாய்க்கும் நேரம் மிகக் கொஞ்சம். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம் அதற்குப் போதும்.