டீசல் புகையும் கந்தகமும்

சுமையேற்றிய லாரி மேடேறும்பொழுது கரும்புகை கக்குவதை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். அந்தப் புகையைக் குறைக்கும் வழி யாதென்று கேட்டால், எஞ்சினைத் திருத்த வேண்டும் என்றே பெரும்பாலோர் விடையிறுப்பர். அவ்விடை பாதிதான் சரி. திருத்தம் தொடங்க வேண்டிய இடம் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. அஃது ஏன் என்பதை இன்று காண்போம்.

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எந்திரத்தில், பற்றவைக்கும் தீப்பொறி கிடையாது. உருளைக்குள் புகும் காற்று, தன் பருமனில் ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அதன் அடிப்பாகம் சுடுகிறதல்லவா? அதே நியதிப்படி இக்காற்றும் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அதனுள் பீச்சப்படும் எண்ணெய் தானே தீப்பற்றிக்கொள்கிறது.

ஆனால் எண்ணெயும் காற்றும் கலப்பதற்கு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கே அவகாசம். சரியாகக் கலவாமல் பிராணவாயு குறைந்த இடத்தில் கரித்துகள் பிறக்கிறது. கடுஞ்சூட்டில் எரியும் இடத்திலோ, காற்றிலுள்ள நைட்ரஜனே பிராணவாயுவுடன் கூடி நச்சு ஆக்ஸைடாகிறது. சூட்டைத் தணித்தால் கரி மிகும். கூட்டினால் ஆக்ஸைடு மிகும். இந்த இக்கட்டைச் சூழ்ச்சியால் கடக்க முயன்றவர்களும் உண்டு. சோதனையின்போது மட்டும் ஆக்ஸைடைக் குறைத்துக் காட்டும் கணிப்பொறி நிரலை ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் கார்களில் வைத்திருந்தது 2015-இல் வெளிப்பட்டது.

கரித்துகளும் எளிதாக எண்ணத்தக்கதன்று. பெரும்பாலானவை மயிரிழையின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்கினும் சிறியவை. நுரையீரலின் ஆழம்வரை சென்று படிபவை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் வகைப்படுத்தியது.

உருளைக்குள் தீராத வழக்கைப் புகைக்குழாயில் தீர்க்கலாம். தேனடை போன்ற பீங்கான் வடிகட்டி ஒன்று அங்கே பொருத்தப்படுகிறது. அதன் கண்ணறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால், புகை நுண்துளைச் சுவரை ஊடுருவியே வெளியேற வேண்டும்; கரியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள்ளேயே தங்கிவிடும். ஆக்ஸைடுக்கு மருந்து, வயலுக்கு இடுகிறோமே, அந்த யூரியாதான். அதன் கரைசல் வெப்பத்தில் அம்மோனியாவாகி, ஆக்ஸைடைத் தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது.

இச்சாதனங்களுக்குத் துணை நிற்பவை பிளாட்டினம் முதலிய வினையூக்கிகள். அவற்றின் பகைவன் எண்ணெயிலுள்ள கந்தகம். அது வினையூக்கியின் மேற்பரப்பைக் கவ்விச் செயலிழக்கச் செய்வதோடு, தானும் சல்ஃபேட்டுத் துகளாகிப் புகையில் சேர்கிறது. கந்தகம் மிகுந்த எண்ணெயை ஊற்றிவிட்டு விலையுயர்ந்த வடிகட்டியைப் பொருத்துவது, ஓட்டைப் பானையில் பன்னீரை நிரப்புவது போலாகும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டின் விதிப்படி டீசலில் பத்து இலட்சத்தில் 2,500 பங்குவரை கந்தகம் இருக்கலாம். அவ்வரம்பு 2017-இல் நாடெங்கும் 50 ஆகவும், 2020 ஏப்ரலில் 10 ஆகவும் இறங்கியது. புதிய வண்டிகளுக்கான கடுமையான புகைவிதியும் அதே ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது தற்செயலன்று. ஆலைகள் பெரும்பொருள் செலவிட்டு, நீரியல் வாயுவைக் கொண்டு கந்தகத்தைப் பிரித்தெடுத்த பின்னரே அவ்விதி சாத்தியமாயிற்று.

இனி, வண்டியோட்டியின் பங்கும் ஒன்று உண்டு. வடிகட்டியில் சேர்ந்த கரி எரிந்தொழிய ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் தேவை. நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் புகை அவ்வளவு சூடேறுவதில்லை. கரி மிகுந்ததும் முன்பலகையில் ஓர் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்பொழுது நெடுஞ்சாலையில் சிறிது தூரம் தங்குதடையின்றி ஓட்டினாலே போதும், பெரும்பாலும் கரி எரிந்து விளக்கும் அணைந்துவிடும். விளக்கை அசட்டை செய்து, பின்னர் அடைபட்ட வடிகட்டியையே கழற்றி எறிவோரும் இருக்கின்றனர். அவர்களுடைய வண்டி பழைய லாரியைப் போலவே கரும்புகை கக்கத் தொடங்கும்.