எந்த வட்டு எந்தக் கணிப்பொறிக்கு உரியது?

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தாலூகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடப்பவர் கண்ணுக்கு நிலத்தில் வேறுபாடு புலப்படாது. ஒரு நிலம் எத்தாலூகாவைச் சேர்ந்தது என்பதைப் பதிவேடே உரைக்கும். கணிப்பொறியின் சேமிப்பு வட்டுக்களுக்கும் அத்தகைய பதிவேடு ஒன்று இன்றியமையாதது.

லினக்ஸ் இயங்குதளத்தில் தருக்கத் தொகுதி ஏற்பாடு என ஒன்றுண்டு. இது பல வட்டுக்களை ஒரே குழுவாக்கி, அதிலிருந்து வேண்டிய அளவில் இடம் வகுத்தளிக்கிறது. குழுவில் சேர்ந்த ஒவ்வொரு வட்டின் தொடக்கத்திலும் ஓர் அடையாள எண் எழுதப்பெறும். கட்டுப்பாடு ஏதும் விதிக்கப்படாவிடில், இவ்வேற்பாடு தன் கண்ணிற்பட்ட வட்டுக்கள் அனைத்தையும் படித்து, அடையாளமுள்ளவற்றைத் தனதாக எடுத்துக்கொள்ளும். இடர் இங்கேதான் தொடங்குகிறது.

எல்லைப்புறப் பள்ளியொன்றில் பழுதான கணிப்பொறியின் வட்டைக் கழற்றி, மதிப்பெண் பட்டியல்களை மீட்பதற்காக மற்றொன்றில் ஆசிரியர் பொருத்துவதாகக் கொள்வோம். இரண்டும் ஒரே முறையில் நிறுவப்பட்டவையாயின், இரு குழுக்களின் பெயரும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஒரு வட்டு மற்றதன் நகலாயின் அடையாள எண்ணும் ஒன்றே. அந்நிலையில் தவறான வட்டின்மேல் ஒரு கட்டளை செல்லுமாயின், எஞ்சியிருந்த ஒரே பிரதியும் அழிந்துபோகும்.

இதைத் தடுக்கப் பழைய வழி வடிகட்டியாகும். அமைப்புக் கோப்பில் ஏற்க வேண்டிய பெயர்களையும் விலக்க வேண்டியவற்றையும் வரிசையாக எழுதுவர். முதலிற் பொருந்தும் விதியே செல்லும். எதிலும் பொருந்தாத வட்டு ஏற்கப்படும். ஆகவே இறுதியில் "மற்றெல்லாம் விலக்குக" என்னும் விதியை மறந்தவர் பட்டியலில் இல்லாத எதையும் விலக்கியவராகார். இவ்வழியின் மற்றொரு குறை, வட்டின் பெயர் நிலையானதன்று என்பதாகும். இன்று "எஸ்டிபி" எனப்பட்டது நாளை "எஸ்டிசி" ஆகலாம்.

புதிய வழி சாதனப் பதிவேடு. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ரெட் ஹாட் நிறுவனத்தின் 9ஆம் பதிப்பில் இதுவே இயல்பான முறையாயிற்று. இதில் வட்டின் தொடர் எண் போன்ற நிலையான அடையாளம் பதியப்பெறும். "எல்விஎம்டிவைசஸ்" என்னும் கட்டளையால் வட்டுக்களைச் சேர்க்கலாம், நீக்கலாம். பதிவேட்டில் இல்லாத வட்டை இவ்வேற்பாடு தொடாது. பதிவேட்டுக் கோப்பே இல்லையெனில் எல்லா வட்டுக்களும் மீண்டும் திறந்தவையாகிவிடும். பதிவேடு நடைமுறையிலிருக்கும்போது வடிகட்டி பொருட்படுத்தப்படுவதில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்புவோர் பலர்.

அயல் வட்டைப் பொருத்துமுன் சொந்த வட்டுக்களைப் பதிந்துகொள்வதே முறை. பின்னர் மீட்பு வேலைக்கு மட்டும், அந்த ஒரு கட்டளையளவில், அவ்வட்டைக் குறிப்பிட்டுத் திறக்கலாம். நகல் வட்டாயின் "விஜிஇம்போர்ட்க்ளோன்" என்னும் கட்டளை அதற்குப் புதுப்பெயரும் புது எண்ணும் அளிக்கும். ஒன்று மட்டும் கருதத்தக்கது: இப்பதிவேடு தருக்கத் தொகுதி ஏற்பாட்டையே கட்டுப்படுத்தும். வட்டை நேராக அழித்தெழுதும் பிற கருவிகளுக்கு இது வேலியன்று.