தஞ்சைக்கு நெல் அனுப்பிய ஈழத்து ஊர்கள்!

காவிரிக் கரையில் விளையாத நெல்லா? ஆனாலும், ராஜராஜனின் 29-ம் ஆட்சியாண்டில், கடல் தாண்டி ஈழத்து ஊர்களிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல், இலுப்பை எண்ணெய், காசு எல்லாம் வர வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. பெரிய கோயில் கல்வெட்டில் இது பதிவாகியிருக்கிறது.

கி.பி. 993 வாக்கில் ராஜராஜனின் படை இலங்கையில் இறங்கியது. பல நூற்றாண்டுகள் தலைநகராக இருந்த அனுராதபுரம் அழிந்தது. சோழர்கள் அங்கே தங்கவில்லை. தென்கிழக்கே இருந்த பொலன்னறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் எளிது. சிங்கள எதிர்ப்பு தெற்கே ரோகணத்தில் குவிந்திருந்தது. அங்கிருந்து வருபவர்கள் மகாவலி ஆற்றைக் கடக்கும் துறைகளைக் காவல் காக்க இந்த ஊர்தான் வசதி.

ஊருக்குப் புதுப் பெயர் ஜனநாதமங்கலம். பிடித்த நாட்டுக்கு மும்முடிச் சோழ மண்டலம். மன்னார் பக்கத்து மாதோட்டத் துறைமுகம் ராஜராஜபுரமானது. வானவன் மாதேவி பெயரில் பொலன்னறுவையில் எழுந்த கருங்கல் சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. அச்சு அசல் சோழநாட்டுக் கோயில்தான்!

ரோமானியர்களும் இதையேதான் செய்தார்கள். கி.பி. 50-ல் ரைன் நதி எல்லையில் ஓய்வுபெற்ற படைவீரர்களைக் குடியேற்றி, பேரரசரின் மனைவி அக்ரிப்பினாவின் பெயரை அந்த ஊருக்கு வைத்தார்கள். இன்றைய ஜெர்மனியின் கொலோன் அதுதான். 'குடியேற்றம்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லே ஊர்ப்பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்த வெற்றிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1017-ல் ராஜேந்திரன் காலத்தில், சிங்கள அரசர் ஐந்தாம் மகிந்தர் சிறைபிடிக்கப்பட்டு சோழநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 12 ஆண்டுகள் கழித்து இங்கேயே இறந்தார். ரோகணமோ கடைசிவரை அடங்கவே இல்லை. 1070-ல் அங்கிருந்து வந்த விஜயபாகு பொலன்னறுவையைப் பிடித்தார். சோழர் ஆட்சி முடிந்தது.

வியப்பு என்னவென்றால், விஜயபாகு அனுராதபுரத்துக்குத் திரும்பவில்லை. சோழர்கள் தேர்ந்தெடுத்த அதே ஊரிலிருந்துதான் ஆண்டார். தமிழ் வேளைக்காரப் படையும் அங்கேயே இருந்தது. சோழர்மீது படையெடுக்கச் சொன்னபோது கலகம் செய்த அதே படை! பின்னாளில் புத்தரின் புனிதப் பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பும் அவர்களிடமே வந்தது. அதைச் சொல்லும் பொலன்னறுவைக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது.