தாய் மீன் எதைச் சாப்பிட்டது? சிக்லிட் இனப்பெருக்கமும் உணவுத் தெரிவும்

2022இல் ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதி செய்யப்படும் மீன் உணவின் விலையும் எகிறியது. வீட்டின் பின்புறத்தில் நாலைந்து தொட்டிகளை வைத்து ஏஞ்சல் குஞ்சுகளை விற்பவர்களுக்கு அது பெரிய அடி. அலங்கார மீன் வளர்ப்புப் பற்றி எழுதப் போகும் இடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'மலிவாக எதைப் போடலாம்?' என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த மீனின் குடல் எதற்காக அமைந்தது?

ஒரே குடும்பம், வேறு வேறு வயிறு

சிக்லிட் குடும்பத்தில் 1,700க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் மட்டுமல்ல, நம் குளங்களில் பிடிபடும் திலாப்பியாவும் இந்தக் குடும்பம்தான். ஒரே குடும்பம் என்பதற்காக ஒரே உணவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

ஆபிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்பூனா மீன்கள் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. தங்கனிக்கா ஏரியின் ட்ரோபியஸும் அப்படித்தான். இவற்றின் குடல் நீளமானது. நார்ச்சத்துள்ள உணவை மெதுவாகச் செரிக்கும். இவற்றுக்கு ஸ்பிருலினா கலந்த உணவும் கீரையும் முதன்மையாக இருக்க வேண்டும். புரதமும் கொழுப்பும் மிகுந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் வயிறு வீங்கி இறக்கும் ஆபத்து அதிகம். ஒஸ்கார் போன்ற ஊனுண்ணிகளின் குடல் குட்டையானது. அவற்றுக்கு இறால், மீன் சதை, பூச்சி பொருந்தும். ஏஞ்சல் இரண்டுக்கும் இடைப்பட்டது. என்றாலும் இனப்பெருக்கக் காலத்தில் அதற்குப் புரதம் கூடுதலாகத் தேவை.

மாட்டிறைச்சி, மாட்டு இதயம் போன்றவற்றைப் பலர் கொடுக்கிறார்கள். மாட்டுக் கொழுப்பு 28 பாகை செல்சியஸ் தண்ணீரில் உருகாது. மீனின் உடலும் அதே வெப்பநிலையில்தான் இருக்கிறது. கொடுப்பதென்றால் கொழுப்பை முழுதாக நீக்கி, எப்போதாவது கொடுக்கலாம். அன்றாட உணவாக்க வேண்டாம்.

முட்டைக்கு முன்பே

முட்டையின் மஞ்சட்கரு, தாய் மீன் முந்திய வாரங்களில் உண்டதிலிருந்தே உருவாகிறது. பெரும்பாலான மீன்களால் விற்றமின் சி-யைத் தாமாக உருவாக்க முடியாது. நிறத்துக்கான கரோட்டினொயிட்டுகளும் உணவிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே ஜோடி சேர்ந்த பின் அவசரமாக நல்ல உணவு கொடுப்பதை விட, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே தொடங்குவது பயன் தரும்.

ம்பூனா தாய் மீனைப் பாருங்கள். முட்டைகளையும் குஞ்சுகளையும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் வாயிலேயே சுமக்கிறது. அந்த நாட்களில் அது அநேகமாக உண்பதில்லை. உடலில் இருப்புள்ளதைக் கொண்டே காலம் தள்ளுகிறது. குஞ்சுகளை வெளியே விட்ட தாயைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் தேற்றிய பிறகே ஆண் மீனிடம் விட வேண்டும். டிஸ்கஸ் குஞ்சுகளோ பெற்றோரின் தோலில் சுரக்கும் சளியையே முதல் உணவாகக் கொள்கின்றன. நம் களப்புகளில் வாழும் செம்மஞ்சள் குரோமைட்டின் குஞ்சுகளும் பெற்றோரின் உடலைக் கொத்தி அதே சளியை உண்கின்றன. பெற்றோருக்குப் போடும் உணவு குஞ்சுக்கும் போய்ச் சேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஏஞ்சல் குஞ்சுகள் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் நீந்தத் தொடங்கும். அன்றைக்கே உணவு தயாராக இருக்க வேண்டும். ஆர்ட்டீமியா முட்டைகளை ஒரு லீற்றர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் உப்பிட்டு, வெளிச்சத்தில், காற்றுக் குழாய் போட்டு வைத்தால் ஏறத்தாழ 24 மணித்தியாலங்களில் பொரிக்கும். பொரித்த சில மணித்தியாலங்களுக்குள் கொடுத்துவிடுங்கள். நேரம் போகப் போக அவற்றின் சத்துக் குறைந்துவிடும்.

உள்ளூரில் கிடைப்பவை

தோல் நீக்கிய அவித்த பட்டாணி, சுடுநீரில் வாட்டிய கங்குன், ஓடு நீக்கிய சிறு இறால், முள்ளில்லாத மீன் சதை ஆகியவற்றை அரைத்து, ஜெலட்டின் கலந்து மெல்லிய தகடாக உறையவைத்தால் நல்ல உணவு தயார். பாசி தின்னும் இனங்களுக்குக் கீரையின் பங்கைக் கூட்டுங்கள். சில மீன்களிலும் இறால்களிலும் பச்சையாக இருக்கும்போது விற்றமின் பி1-ஐ அழிக்கும் நொதியம் உண்டு. அதனால் லேசாக ஆவியில் அவித்துச் சேர்ப்பது நல்லது. கோழித் தீவனம் தானியத்தை அடிப்படையாகக் கொண்டது, மீனுக்கு உகந்ததல்ல.

நுளம்புக் குடம்பிகள் மீனுக்குச் சிறந்த உணவுதான். ஆனால் அதற்காக வாளியில் தண்ணீர் தேக்கி வைப்பது டெங்குவுக்கு வழி திறப்பதாகும். நுளம்பு பெருக இடமளிப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமும்கூட. நான்கு குஞ்சு கூடுதலாகப் பிழைப்பதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுக்கக் கூடாது. வலை மூடிய தொட்டியில் மொய்னா வளர்த்தால் அதே பயன் கிடைக்கும். கழிவுக் கால்வாயில் அள்ளிய டியூபிபெக்ஸ் புழுக்கள் நோயைக் கொண்டுவரக்கூடும்.

அளவும் சேமிப்பும்

இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு இரண்டு மூன்று முறை போடுங்கள். மிஞ்சிய உணவு அழுகி அமோனியாவாகும். முட்டைக்கும் குஞ்சுக்கும் அது நஞ்சு. வளர்ந்த மீன்களுக்கு வாரம் ஒரு நாள் உணவில்லாமல் விடலாம். வாயில் குஞ்சு சுமந்து தேறிவரும் தாய்க்கு அது வேண்டாம்.

திறந்த டின்னில் விற்றமின்கள் மெல்லச் சிதையும். நம் ஈரப்பதத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். விலை குறைவென்று பெரிய டின் வாங்குவதை விட, இரண்டு மாதத்தில் தீரும் சிறிய டின்னே இலாபம். பொதியில் காலாவதித் திகதியைப் பாருங்கள். சேர்பொருள் பட்டியலில் முதலில் இருப்பது மீனா, இறாலா, பாசியா, கோதுமை மாவா என்று பாருங்கள்.

கூடவே ஒரு கொப்பி வையுங்கள். எந்த வாரம் எந்த உணவு, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பிழைத்தது என்று எழுதுங்கள். மூன்று நான்கு ஈற்றுகளுக்குப் பிறகு, எந்த உணவுக்குப் பணம் செலவழிப்பது என்பதை உங்கள் தொட்டியின் கணக்கே காட்டிவிடும்.