எழுத்தறியும் புரதங்கள்

வைரசு தானே வாழும் ஆற்றலற்றது. தான் புகுந்த கலத்தின் கருவிகளைக் கொண்டே அது தன் இனத்தைப் பெருக்குகின்றது. அக்கருவிகளை அது தன் பணிக்கு அழைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தருவனவற்றுள் ஒன்று, ஊக்குபகுதி எனப்படும் சிறிய டி.என்.ஏ. துண்டாகும்.

குரங்கின் சிறுநீரகக் கலங்களில் 1960 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்ட எஸ்.வி. 40 என்னும் வைரசின் டி.என்.ஏ. 5,243 மூலச் சோடிகளைக் கொண்டது. அதன்கண் 72 சோடிகள் கொண்ட தொடரொன்று இருமுறை அமைந்துள்ளது. 1981 இல் சூரிச் நகரில் ஷவ்னரும் அவருடன் ஆய்ந்தோரும் இப்பகுதியை முயலின் குளோபின் பரம்பரையலகுடன் இணைத்தபோது, அவ்வலகின் வெளிப்பாடு ஏறத்தாழ 200 மடங்கு பெருகிற்று. திசை மாற்றி வைப்பினும், ஆயிரத்துக்கு மேற்பட்ட சோடிகள் விலக்கி வைப்பினும் அதன் பயன் அற்றுப்போகவில்லை.

இப்பகுதி தானாக ஒன்றுஞ் செய்வதில்லை. கலத்தின் புரதங்கள் வந்து பற்றுதற்குரிய இடமாகவே அது பயன்படுகின்றது. புரதம் தன் இடத்தை அறிதற்கு டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிய வேண்டுவதில்லை. முறுக்கின் புறத்தே அகன்ற பள்ளம், ஒடுங்கிய பள்ளம் என இரண்டுள. அகன்ற பள்ளத்தில் ஒவ்வொரு சோடியின் விளிம்பும் வெவ்வேறு வகையாகத் தோன்றும். ஐதரசனை வழங்கும் அணுக்களும், ஏற்கும் அணுக்களும், தைமினின் மெதயிற் கூட்டமும் நிற்கும் ஒழுங்கே அவ்வேறுபாட்டுக்குக் காரணம். இதனை 1976 இல் சீமன், ரோசன்பேர்க், ரிச் என்போர் விளக்கினர். சான்றாக, ஆர்ஜினின் என்னும் அமினோவமிலம் குவானினை இரு ஐதரசன் பிணைப்புக்களாற் பற்றவல்லது.

அடனினை அ எனவும், தைமினைத் தை எனவும், குவானினைக் கு எனவும், சைற்றோசினைச் சை எனவும் குறிப்போம். யூன், பொசு என்னும் இரு புரதங்கள் கூடியமைந்த ஏ.பீ. 1 விரும்பிப் பற்றுந் தொடர் தை-கு-அ-சை-தை-சை-அ என்பதாகும். எதிரிழையை மறுமுனையிலிருந்து படிப்பினும் தை-கு-அ என்றே தொடங்கும். ஆதலின், குறடுபோல் இருபுறமும் பற்றும் அவ்விரு புரதங்களும் ஒரே எழுத்துக்களையே காண்கின்றன. எஸ்.வி. 40 இலுள்ள தொடர் இதனின்றும் ஓரெழுத்தே வேறுபட்டது, எனினும் பற்றப்படுகின்றது. இத்தகைய இடங்கள் தனித்து நிற்பின் வலுக்குன்றியவை. பல சேர்ந்து நிற்பின் வலுமிக்கவை.

எச்.ஐ.வி. வைரசின் ஊக்குபகுதியில் என்.எவ்.-கப்பா பீ என்னும் புரதத்துக்குரிய இடங்கள் இரண்டு உள என 1987 இல் நேபலும் பால்ட்டிமோரும் காட்டினர். நோயெதிர்ப்புக்குரிய ரி-நிணநீர்க்குழியம் கிளர்ச்சியுறும்போது அப்புரதம் கட்டு நீங்கிக் கருவினுட் புகும். உறங்கிய வைரசும் உடன் விழிக்கும். உடலைக் காக்க எழுந்த புரதமே பகைக்குந் துணையாகின்றது. அதனைத் தடுப்பின் உடலின் காப்புங் குன்றும். உறங்கும் வைரசை முற்றாகக் களைதல் அரிதாயிருத்தற்கு இதுவும் ஒரு காரணமாம்.