எருமைப்பாலும் உரிமப் பத்திரமும்

ஆரணிக்குப் பட்டு ஒரு கண் என்றால் அரிசி மற்றொரு கண். நம் சங்கத்து அங்கத்தினருள் தறிக்காரரும் உண்டு. நெல்லும் கேழ்வரகும் மணிலாவும் பயிரிடுவோரும் உண்டு. இவர்களுள் ஒருவர் புதியதோர் உணவுப் பண்டத்தைத் தயாரிக்கும் வழியைக் கண்டு, அதனைப் பெரிய தயாரிப்பாளரிடம் கொடுத்துப் பலன்பெற விரும்பினால் செய்யவேண்டுவது யாது? நம் நாட்டில் நடந்த ஒரு காரியமே இதற்கு நல்ல விடை தருமென்று கருதுகிறோம்.

குஜராத்தில் கெய்ரா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946-ல் பதிவாயிற்று. ‘அமுல்’ என்றால் இன்று யாவரும் அறிவர். அங்கே கிடைத்தது பெரும்பாலும் எருமைப்பால். குழந்தை உணவோ பசும்பாலில் செய்வது என்பதே அக்காலத்து வழக்கம். எருமைப்பாலில் கொழுப்பு மிகுதி. குழந்தையின் வயிற்றில் திரளும்போது கட்டி கடினமாகும். மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் கொழுப்பைக் குறைத்து, கட்டியை மென்மையாக்கி, வைட்டமின்களும் சேர்த்துப் பொடியாக்கும் முறையைக் கண்டனர். 1960-ஐ ஒட்டி, கெய்ரா சங்கத்தார் அம்முறையிலேயே குழந்தை உணவு தயாரித்துக் கடைக்கு அனுப்பினர். இத்தகைய கண்டுபிடிப்புகளைத் தொழில் செய்வோருக்கு உரிமமாக வழங்கவென்றே 1953-ல் தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டிருந்தது.

‘எருமைப்பாலிலும் செய்யலாம்’ என்ற வெறும் எண்ணத்தை எவரும் விலைக்கு வாங்கியிரார். செய்து காட்டப்பட்ட முறைக்கே மதிப்பு. அம்முறையைக் கைக்கொண்டதும் வெளி முதலாளியன்று, பால் ஊற்றியோரின் சங்கமே என்பது நமக்கு உவகை தருகிறது.

1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் முதலில் உணவுப் பண்டத்திற்கு உரிமை தரவில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தது. 2005 முதல் பண்டத்திற்கும் உண்டு; காலம் 20 ஆண்டு. ஆயினும், பல பொருள்களைச் சும்மா கலந்த கலவைக்கும், வழிவழி வந்த அறிவுக்கும் காப்புரிமை கிடையாது. பாட்டி செய்த கேழ்வரகு அடையை எவரும் தமதென்று பதிய இயலாது, அதுவும் நன்மைக்கே.

புதுக் கரை டிசைனை வியாபாரியிடம் முன்னதாகக் காட்டினால், மறு வாரமே அடுத்த தெருவில் அக்கரை ஓடும் என்பதைத் தறிக்காரர் அறிவர். உணவிலும் அவ்வாறே. முதலில் விண்ணப்பம், பிறகே பேச்சு. தற்காலிக விவரத்துடன் விண்ணப்பித்தால், முழு விவரம் தர 12 மாத அவகாசமுண்டு. காப்புரிமைக்கு இடமில்லாத முறையாயின், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற்ற பின்னரே வாய் திறக்கவேண்டும்.

உரிமப் பத்திரத்தில் ராயல்டி எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்ப்போர் பலர். எதன்மேல் சதவீதம்? ஆலை விலையின் மேலா, கடை விலையின் மேலா? தயாரிப்பாளர் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துப் பண்டத்தைச் செய்யாமலே விட்டால் என்ன கதி? ஆகவே குறைந்தபட்சத் தொகை, உற்பத்தி தொடங்கவேண்டிய கெடு, கணக்குப் புத்தகத்தைப் பார்வையிடும் உரிமை ஆகியவை எழுத்தில் இருத்தல் வேண்டும். காப்புரிமை பெறாத இரகசிய முறைக்கான பத்திரமாயின், நம்மவர்க்கு இன்னுமொரு ஷரத்தும் உகந்தது: மூலப்பொருளான தானியத்தைச் சங்கத்தின் மூலமே கொள்முதல் செய்யவேண்டும் என்பது. ராயல்டி ஒருவர் கைக்கே போகும். கொள்முதலோ பல களங்களுக்கும் எட்டும்.

பண்டத்தைப் பரிசோதிக்க விரும்புவோர் மைசூர் வரை செல்லவேண்டுவதில்லை. தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது.